நுரையக்கா கொண்டு வந்த வாளி

எங்கள் கால்பந்துக் கிளப்பில் மேனேஜரை வேலையை விட்டு அனுப்பும் கடிதத்தை நான்கு ஆண்டுகளில் ஆறு முறை தட்டச்சு செய்தவன் நான். முதல் கடிதத்துக்கு அரை நாள் பிடித்தது. ஆறாவதுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பெயரையும் தேதியையும் மாற்றினேன், வேலை முடிந்தது. தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்களிடம் மேனேஜர் என்றால் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுபவர் அல்ல. யார் ஆடுவது, எங்கே நிற்பது, எப்படிப் பயிற்சி எடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. தோற்றால் பழியும் அவர் தலையில்தான் விழும்.

நான் அந்தக் கிளப் அலுவலகத்தின் ஒரே குமாஸ்தா. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும் என்பாள் என் மனைவி. இருந்துவிட்டுப் போகட்டும். நான் சொல்ல வந்தது எங்கள் சலவை அறை அக்காவைப் பற்றி. பந்து எந்தப் பக்கம் போனால் கோல் என்பதற்கு மேல் கால்பந்தில் எதுவும் தெரியாத ஒரு பெண்மணி, கால்பந்தைக் கரைத்துக் குடித்தவர்கள் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்த அறைக்குள் நுழைந்து அத்தனை பேர் வாயையும் அடைத்தார். அதை நேரில் பார்த்தவன் நான். சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

ஆட்டக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் நுரையக்கா. பார்வையாளர் மாடத்தின் அடியில் அவருடைய அறை. மேலே ஆட்கள் உட்காரும் படிகள்தான் உள்ளே கூரை. வாசலருகே நிமிர்ந்து நிற்கலாம், பின்சுவருக்குப் போகப் போகக் குனிய வேண்டும். இரண்டு துவைக்கும் இயந்திரங்கள். அதில் ஒன்று, துணியைப் பிழியும்போது தடதடவென்று நகர்ந்து வாசல் வரை வந்துவிடும். அக்கா ஒரு காலை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டே எதிரில் கொடியில் துணி போடுவார். "எங்கடா போற? உனக்கு என்ன பஸ்ஸா காத்துக்கிட்டிருக்கு?" என்று அதனோடு சண்டையும் போடுவார். அவர் கணவர் மைதானத்தின் காவலாளி. வாசல் கதவை ஒட்டிய இரண்டு அறைகள்தான் அவர்கள் வீடு. அதுவும் கிளப் கொடுத்தது.

துணியைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். "இன்னைக்கு இடது பக்கம் ஆடுறவன் ஓடவே இல்ல தம்பி. சட்டை கடையிலேர்ந்து வந்த மாதிரியே இருக்கு, பாருங்க" என்பார். நான் ஆட்ட அறிக்கையில் அவனைப் பற்றி எழுதியிருப்பதும் அதுவாகவே இருக்கும். சட்டைக்கும் அரைக்கால் சட்டைக்கும் எண் உண்டு, காலுறைக்குக் கிடையாது. எல்லாம் ஒரே வெள்ளை. மாறிப்போனால் அளவு சரியில்லை என்று ஆட்டக்காரர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். அதனால் அக்கா ஒவ்வொருவனுக்கும் ஒரு நிற நூலைத் தேர்ந்தெடுத்து, காலுறையின் உள்பக்க விளிம்பில் இரண்டு தையல் போட்டு வைத்திருந்தார். கேப்டனுக்குச் சிவப்பு, கோல்கீப்பருக்குப் பச்சை. பட்டியல் எதுவும் கிடையாது, எல்லாம் அவர் மனதில்.

இனி எங்கள் தோல்வி விவகாரத்துக்கு வருகிறேன். எங்கள் அணி மோசமான அணி அல்ல. முதல் பாதியில் யாரோடும் மல்லுக்கு நிற்கும். எழுபதாவது நிமிடம் தாண்டியதும் கால்கள் கழன்றுவிடும். கடைசி இருபது நிமிடத்தில் இரண்டு கோல் வாங்குவார்கள், மூன்று வாங்குவார்கள். வந்த மேனேஜர்கள் எல்லாரும் இதற்கு ஒரே காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்: பையன்களுக்குத் தெம்பு போதவில்லை. ஒருவர் மணல் மூட்டையைச் சுமந்து ஓட விட்டார். ஒருவர் சர்க்கரையை ஒழித்தார். இன்னொருவர் மூச்சுப் பயிற்சிக்கு ஒரு ஆளைக் கூட்டி வந்தார். அந்த ஆள் வந்த முதல் நாளே தூங்கிவிட்டார். ஒவ்வொருவரும் ஓட்டத்தைக் கூட்டினார்கள், ஆட்டம் இன்னும் மோசமானது. உடனே தலைவர் என்னைக் கூப்பிடுவார். "கடிதத்தை அடிய்யா."

ஆறாவதாக வந்தவர் ஒரு கண்ணாடிக்காரர். மைதானத்தில் அவர் போடும் சத்தம் சாலை வரை கேட்கும். பையன்கள் அவருக்கு இடி என்று பெயர் வைத்தார்கள். ஆனால் அந்த மனிதர் தன் பயிற்சி உடையைத் தானே மடித்துச் சலவை அறைக்குக் கொண்டு வந்து, "சிரமம் குடுக்கிறேன்மா" என்று சொல்லிவிட்டுப் போவார். முந்தைய ஐந்து பேரும் அந்த அறை எங்கே இருக்கிறது என்று கேட்டதுகூட இல்லை. அக்காவுக்கு அவர்மேல் ஒரு மரியாதை. தொடர்ந்து ஒன்பது ஆட்டம் தோற்றோம். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கமிட்டிக் கூட்டம் என்று தலைவர் அறிவித்தார். அடிக்கப்போவது யார் கடிதம் என்பது சுவரிலிருந்த பல்லிக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா அலுவலக வாசலில் வந்து நின்றார். கையில் ஈரம் சொட்டியது.

"தம்பி, ஒரு நிமிஷம் வாங்க. ஒண்ணு காட்டணும்."

சலவை அறையில், கொதிகலனுக்குப் பின்னால், யாரும் எட்டிப் பார்க்காத மூலையில் ஒரு கொடி. அதில் வரிசையாக எலாஸ்டிக் கட்டுத்துணிகள் தொங்கின. நான் எண்ணினேன். பத்தொன்பது.

"இது என்னக்கா?"

"ஞாயித்துக்கிழமை ஆட்டத்தில வந்தது. காலுறைக்குள்ள சுருட்டிப் போட்டுட்டுப் போயிடுவானுங்க, மேனேஜர் கண்ணுல படாம. நான் எடுத்துத் தனியா அலசிக் காய வச்சு, மடிச்சு, அவனவன் அரைக்கால் சட்டைக்குள்ள வச்சுத் திருப்பிக் குடுத்துடுவேன். நாலு வருஷமா நடக்குது. மொதல்ல ரெண்டு மூணுதான் வரும். இப்ப பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை மாற்று ஆட்டக்காரர்களையும் சேர்த்து இறங்கியது பதினான்கு பேர். பத்தொன்பது கட்டு!

"மறைக்கிறது எதுக்கு? அடிபட்டா அடிபட்டுச்சுன்னு சொல்லிட்டு உக்கார வேண்டியதுதானே?"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் தம்பி, அந்த நோட்டீஸை அடிச்சது நீங்கதானே?"

சுரீரென்றது. நான்தான் அடித்தேன். மூன்று வாரம் தொடர்ந்து ஆட முடியாதவர், புதிதாக வருபவருக்கு இடம் விட்டு, விடுதி அறையைக் காலி செய்ய வேண்டும் என்று நான்கு ஆண்டுகளுக்கு முன் தலைவர் கொண்டு வந்த விதி. எங்கள் ஆட்டக்காரர்கள் எல்லாரும் வெளியூர்க்காரர்கள். மைதானத்துக்குப் பின்னால் உள்ள விடுதிதான் அவர்களுக்கு வீடு. பாதிப் பேருக்கு அங்கே குடும்பம் இருக்கிறது. அந்த விதி வந்த வருடம்தான் முதல் மேனேஜரை அனுப்பினோம். இரண்டு காகிதமும் என் கையால் அடித்தவை, என் மேசையின் ஒரே இழுப்பறையில் இருந்தவை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. படித்த முட்டாள் என்பது என்னைத்தான்.

அக்கா அலமாரியின் அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே, இரண்டாக அறுத்த ஒரு மர ஸ்கேல். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கோடு போடுவது. அறுத்த முனைகளில் பஞ்சு வைத்துச் சுற்றியிருந்தது. ஒரு துண்டில் பென்சிலால் ஒரு பூ வரைந்திருந்தது.

"கேப்டன் காலுறையில இருந்துச்சு. முழங்காலுக்குக் கீழ எலும்புக்கு ரெண்டு பக்கமும் இதை வச்சுக் கட்டிக்கிட்டு ஆடியிருக்கான். அவன் பொண்ணோட ஸ்கேல் இது." அக்காவின் குரல் உடைந்தது. "நல்லது செய்றேன்னு நெனச்சேன் தம்பி. சுத்தமா துவைச்சுக் குடுத்தேனே, அந்தக் காலை ஒடைக்கிறதுக்கு நானும்தானே துணை போயிருக்கேன்? இப்ப சொன்னா அவனுக்கு ரூம் போகும். சொல்லலைன்னா கால் போகும். அந்தக் கண்ணாடிக்காரரும் ஒரு பாவமும் தெரியாம போவாரு."

"மேனேஜர்கிட்ட மட்டும் சொல்லுங்களேன்."

"அவரு சத்தம் போட்டு ஊரைக் கூட்டுவாரு. அப்புறம் பேரு வெளிய வந்துடும். பேரு வரக் கூடாது, விஷயம் மட்டும் வரணும். எனக்கு அதுக்கு வழி தெரியல."

"உங்க வீடும் கிளப் வீடுதான்க்கா. அதையும் யோசிச்சுக்குங்க."

"அது தெரியாமலா நேத்து பூரா சாப்பிடாம இருந்தேன்?" என்று சொல்லிவிட்டு, நகர ஆரம்பித்த இயந்திரத்தின்மேல் காலை வைத்து அழுத்தினார்.

வியாழக்கிழமை வந்தது. கமிட்டி அறையில் நீண்ட மேசை, அதைச் சுற்றி ஒன்பது பேர். சுவரில் என்றோ வாங்கிய கோப்பைகளின் புகைப்படங்கள். நான் ஓரத்தில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தேன். ஆறாவது கடிதம் தலைவர் முன்னால் தயாராக இருந்தது. மேனேஜர் எதிரே கைகட்டி நின்றார், உட்காரச் சொல்லக்கூட யாருக்கும் மனம் வரவில்லை. தலைவர் சிமென்ட் வியாபாரி, எதையும் கலவை போடுவது போலவே பேசுவார்.

"ஒம்பது தோல்வி. ஆள் சரியில்லைன்னா மாத்தித்தானே ஆகணும்? வேற என்ன இருக்கு பேச?" என்று பேனாவைத் திறந்தார்.

கதவு தள்ளிக்கொண்டு திறந்தது. ரப்பர் செருப்பும் நனைந்த மேலங்கியுமாக அக்கா உள்ளே வந்தார். நேராக மேசைக்கு வந்து, கையிலிருந்த நீல வாளியைக் கவிழ்த்தார். பத்தொன்பது கட்டுத்துணியும் மேசைமேல் பரவி, ஒன்று உருண்டு தலைவரின் கடிதத்தின்மேல் போய் நின்றது.

"யாரும்மா உன்னை உள்ள விட்டது?" என்று கத்தினார் தலைவர்.

"நான்தாங்க" என்றேன். எங்கிருந்து வந்தது அந்தத் துணிச்சல் என்று இன்றுவரை தெரியவில்லை.

அக்கா பேசினார். குரல் உயரவில்லை. காலுறைக்குள் வந்ததைச் சொன்னார், துவைத்துக் கொடுத்ததைச் சொன்னார், தன் தப்பையும் மறைக்காமல் சொன்னார். "இவரு வர்றதுக்கு முன்னாடியும் இது வந்துச்சுங்க. இவருக்கு முன்னாடி இருந்தவரு, அவருக்கும் முன்னாடி இருந்தவரு, எல்லார் காலத்துலயும் வந்துச்சு. அடிபட்ட காலோட எத்தனை நிமிஷம் ஓட முடியும்? நீங்க இவரை அனுப்பிட்டு ஏழாவதா ஒருத்தரைக் கூட்டிட்டு வருவீங்க. எனக்கு என்ன, அவருக்கும் இதே வாளியை நெரப்பிக் குடுப்பேன்."

தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. கடிதத்தின்மேல் கிடந்த கட்டை விரல் நுனியால் தள்ளிவிட்டார். "சரி. யார் யாருன்னு சொல்லு."

"தெரியாதுங்க."

"தெரியாதா? காலுறைக்கு நூல் அடையாளம் வச்சிருக்கேன்னு போன வருஷம் நீதானே எங்கிட்ட பெருமையா சொன்ன? எந்தக் காலுறை நைஞ்சு போயிருக்கோ, எதுல ரத்தக் கறை இருக்கோ, அதுல நூலைப் பாத்து, எந்த நிறம் யாரோடதுன்னு பையன்களைக் கேட்டா தெரிஞ்சுட்டுப் போகுது. யாருப்பா அங்க? சலவை அறையில இருக்கிற காலுறைக் கூடையை எடுத்துட்டு வா."

வெளியே நின்ற காவலாளிக்குத்தான் அந்த உத்தரவு. அக்காவின் கணவர். அவர் மனைவியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் போய், இரண்டு கைகளாலும் கூடையைத் தூக்கி வந்து வைத்தார். பொருளாளர் ஒரு காலுறையைப் புரட்டினார். இன்னொன்றைப் புரட்டினார். நாலைந்து பேர் எழுந்து வந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்கள். ஒரு நூல் இல்லை. நாற்பது ஜோடியும் பளிச்சென்று ஒரே வெள்ளை.

"நூல் பழசாயிடுச்சுங்க. பிரிச்சுட்டேன்" என்றார் அக்கா.

"எல்லாம் வெள்ளையாத்தான் இருக்குதுங்க" என்று காவலாளி பணிவாகச் சொன்னார். அவர் சட்டைப் பித்தானில் ஒரு சிவப்பு நூல் ஒட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். புருஷனும் பெண்டாட்டியும் விடியும் முன்பே எழுந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்திருக்கிறார்கள். அக்காவின் விரல் நுனிகளில் ஊசி குத்திய புள்ளிகள் சிவந்து கிடந்தன. எத்தனை வருடமாக அவர் தைத்து வைத்த அடையாளங்கள்! குறிப்பேட்டில் "அடையாளம் எதுவும் இல்லை" என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

தலைவர் விடவில்லை. "அப்ப டாக்டரை வச்சு எல்லாரையும் பரிசோதிப்போம். அடிபட்டவன் எல்லாம் ரூமைக் காலி பண்ணட்டும்."

"பண்ணட்டுங்க. ஞாயித்துக்கிழமை நீங்க ஒம்பது பேரும் இறங்கி ஆடுங்க. உங்க அளவுக்குச் சட்டை இருக்கு, நான் தேய்ச்சு வைக்கிறேன்" என்றார் அக்கா.

யாரோ ஒருவர் சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார். அப்போதுதான் மேனேஜர் முதல் தடவையாகப் பேசினார். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"என்னை அனுப்புறதுன்னா அனுப்புங்க. அதுல தப்பில்ல. எட்டு மாசமா இந்தக் கால்களைத் தினம் பாக்கிறவன் நான். ஒருத்தன்கூட எங்கிட்ட சொல்லலைன்னா, அது அந்த விதியால மட்டும் இல்ல. என் சத்தத்துக்கும் பயந்திருக்காங்க. ஆனா அடுத்து வர்றவருக்காகச் சொல்றேன். அந்த விதி இருக்கிற வரைக்கும் இங்க யாரு வந்தாலும் நொண்டிக் குதிரையைத்தான் ஓட்டணும்."

அக்கா அவர் பக்கம் திரும்பினார். "நீங்க போயிட்டா இதை யாருங்க சரி பண்றது? தெரிஞ்சுக்கிட்டவரு நீங்க ஒருத்தர்தான். இருந்து பாருங்க."

ஒரு மணி நேரம் அடித்துக்கொண்டார்கள். கடைசியில் ஐந்துக்கு நான்கு. மேனேஜர் இருப்பார், விதி ரத்து. தலைவருக்கும் முகம் காப்பாற்ற வேண்டுமே! அந்த விதியை எடுத்துவிட வேண்டும் என்று தானே பல நாளாக நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொல்லி, அதைக் குறிப்பில் எழுதச் சொன்னார். எழுதினேன். ஆறாவது கடிதத்தை நானே கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டேன். அவ்வளவு ருசியாக ஒரு காகிதத்தை என் வாழ்நாளில் கிழித்ததில்லை.

எல்லாம் சுபம் என்று நினைத்தால், அங்கேதான் ஏமாந்தோம். ஆட்டக்காரர்கள் யாரும் நம்பவில்லை. இது ஆளைக் கண்டுபிடிக்கத் தலைவர் போட்ட வலை என்று பேசிக்கொண்டார்கள். ரத்து நோட்டீஸை நான் கொட்டை எழுத்தில் ஒட்டியும் ஒருவனும் வாய் திறக்கவில்லை. மேனேஜர் ஒவ்வொரு நாள் காலையிலும் குரலை இறக்கி, "யாருக்காவது ஏதாவது இருக்கா?" என்று கேட்பார். எல்லாரும் புல்லைப் பார்ப்பார்கள். அடுத்த ஞாயிறு நான்கு கோல் வாங்கித் தோற்றோம். கேப்டனும் ஆடினான். அக்காவோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அழுக்குத் துணியை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனார்கள். குழாயடியில் கேப்டனின் மனைவி, அக்காவைக் கண்டதும் பாதிக் குடத்தோடு திரும்பிப் போனாள். அது அக்காவை ரொம்பவே அறுத்தது.

திங்கட்கிழமை கேப்டன் நேராகச் சலவை அறைக்கு வந்தான். நான் துண்டுகள் வாங்கிப்போக அங்கே நின்றிருந்தேன்.

"அக்கா, எங்க என் கட்டு?"

"தர மாட்டேன்."

"கடையில வாங்கிக்குவேன்."

"வாங்கிக்க. ஆனா இந்தக் கையால இனிமே அதைத் துவைக்க மாட்டேன்."

அவன் முகம் சிவந்தது. "உங்களுக்கு என்னக்கா தெரியும்? நான் உக்காந்தா ரெண்டு பிள்ளைங்களோட எங்க போவேன்? விதி இன்னைக்குப் போகும், நாளைக்கு வரும். அப்ப நீங்களா வந்து நிப்பீங்க? உங்க வீட்டுக்கு வந்து தங்கட்டுமா?"

"வா" என்றார் அக்கா. "ரெண்டு ரூம் இருக்கு. உள் ரூம்ல நீங்க இருங்க, நாங்க முன்னாடி படுத்துக்கிறோம். அவருகிட்டயும் சொல்லிட்டேன்."

அக்கா ஈரக் கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு அவன் அருகில் போனார். "நாலு வருஷமா வாயை மூடிக்கிட்டு உனக்குக் கெடுதல் பண்ணிட்டேன்டா. அதுக்குத் திட்டு. வாங்கிக்கிறேன். இப்ப செஞ்சதுக்குத் திட்டாத." அவன் திரும்பி விறுவிறுவென்று போய்விட்டான். போகும்போது நொண்டாமல் நடக்க அவன் பட்ட பாட்டை நாங்கள் இருவரும் பார்த்தோம்.

மறுநாள் காலைப் பயிற்சி. மேனேஜர் வழக்கம்போலக் கேட்டார், வழக்கம்போல எல்லாரும் புல்லைப் பார்த்தார்கள். ஓட்டம் தொடங்கியது. அக்கா துவைத்த சட்டைகளைக் கூடையில் சுமந்து மைதான ஓரமாக வந்துகொண்டிருந்தார், நான் வருகைப் பதிவோடு நின்றேன். மூன்றாவது சுற்றில் கேப்டன் முன்னால் ஓடிக்கொண்டிருந்தான். திடீரென்று நடந்தான். பிறகு நின்றான். மெதுவாகப் புல்லில் உட்கார்ந்து, மைதானமே கேட்கும்படி சொன்னான்.

"வலிக்குது."

பின்னால் ஓடியவர்கள் அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். மேனேஜர் வேகமாக வந்தார். இடி இடிக்கப் போகிறது என்று இரண்டு பேர் பின்வாங்கியதைப் பார்த்தேன். அவர் கேப்டன் முன்னால் மண்டியிட்டு, அவனுடைய காலணிக் கயிற்றை அவிழ்த்து, காலுறையை மெல்ல இறக்கினார். வீங்கியிருந்த இடத்தின்மேல் உள்ளங்கையை மெதுவாக வைத்தார்.

"எங்கப்பா வலிக்குது?" என்றார்.

"இங்க. ரொம்ப நாளா சார்." சொல்லும்போதே, முப்பத்திரண்டு வயது ஆம்பிளை, விசும்பி விசும்பி அழுதான்.

கோல்கீப்பர் வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். "எனக்கு வலது கணுக்கால் சார்." அடுத்தவன் உட்கார்ந்தான். அதற்கடுத்தவனும். பத்துப் பேர் உட்கார்ந்தார்கள். பதினாறு பேரில் ஆறு பேர்தான் நின்றார்கள். அந்த ஆறு பேரும் என்ன செய்வதென்று தெரியாமல் மற்றவர்களின் காலணிகளைக் கழற்ற உதவினார்கள்.

அந்த வருடம் நாங்கள் கீழ்ப் பிரிவுக்கு இறங்கினோம். பத்துப் பேர் கட்டிலில் கிடந்தால் வேறென்ன நடக்கும்? டாக்டர் கேப்டனின் எலும்பில் விரிசல் என்றார், இன்னும் ஒரு ஆட்டம் ஆடியிருந்தால் இரண்டாகப் போயிருக்கும் என்றார். ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று காலை நான் பார்த்தது நுரையக்காவைத்தான். கூடையைக் கீழே வைத்துவிட்டு மைதானத்துக்குள் போனார். உட்கார்ந்திருந்தவர்களின் நடுவே தானும் உட்கார்ந்து, கேப்டனின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"சொல்லுடா" என்றார். "இன்னும் சத்தமா சொல்லு."